பாலை வந்து போகும் பள்ளம்

பென்னாகரம் கடைவீதியில் ஓர் அரிசிக் கடை. பங்குனி மாதம், பொழுது விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பாதி தூக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து, "அண்ணே, மூட்டை போடுற தராசுல ஒரு தடவை ஏறிக்கட்டுமா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏறுங்க. சாக்குக்கு அரைக் கிலோ கழிச்சுத்தான் சொல்லுவேன், பரவால்லையா?" என்றார். சிவப்பு எழுத்தில் 68.4 என்று வந்தது. நோட்டில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதுகுப்பையில் ஒரு லிட்டர் பாட்டில்கள் ஐந்து. சின்னத் தூக்குவாளியில் ராகிக் கூழ், காகிதப் பொட்டலத்தில் உப்பு, நான்கு சின்ன வெங்காயம். காட்டுத்தீக் காலம் என்பதால் பொதுமக்களின் மலையேற்றத்துக்கு அனுமதி கிடையாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, இந்தக் கட்டுப்பாட்டுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. தீத்தடுப்புக் கோடுகளைப் பார்க்க ஒரு பள்ளத்தின் வழியே இறங்கும் இரண்டு வனத்துறை வாட்சர்களோடு போய்வர எனக்கு அனுமதி கிடைத்திருந்தது.

மூத்தவர் என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு சார் தண்ணி?"

"அஞ்சு லிட்டர்ங்க."

"சரி, போதும்னு வெச்சுக்கலாம். வழியில எங்கயும் கிடைக்காது."

"பள்ளம் காவிரிக்குத்தானே இறங்குது? கீழ ஆறு இருக்குமே?"

"இருக்கு. பாக்கலாம், சத்தம் கேக்கலாம். குடிக்கத்தான் முடியாது."

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தை விளக்குவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

லண்டனைவிட அதிக மழை

பென்னாகரம் இருக்கும் தர்மபுரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை பெய்கிறது. எந்நேரமும் குடையும் கையுமாகத் திரிவார்கள் என்று நாம் நினைத்திருக்கும் லண்டனில் பெய்வது 600 மி.மீ. அளவுதான். மழையை மட்டும் வைத்துப் பார்த்தால் தர்மபுரிக்காரர் லண்டன்காரருக்குத் தண்ணீர் கடன் கொடுக்கலாம்.

வேறுபாடு, அந்த மழை எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது. லண்டனில் ஆண்டில் நூறு நாளுக்கு மேல் சிறுகச் சிறுகத் தூறும். குளிர்ந்த காற்று அதை அவசரப்பட்டுத் திருப்பி எடுப்பதில்லை. தர்மபுரியில் அந்த 850 மி.மீ.யும் சுமார் ஐம்பது நாளில் கொட்டித் தீர்ந்துவிடும். பெரும்பகுதி தென்மேற்குப் பருவத்தின் பிற்பாதியிலும் ஐப்பசி அடைமழையிலும் வருகிறது; அதற்கு முன்பே சித்திரை, வைகாசியில் கொஞ்சம் கோடைமழை. வெயிலோ ஆண்டு முழுக்கக் கணக்கு வைத்து வசூலிக்கிறது. இங்கே திறந்த வெளியில் தண்ணீர் தீராமல் இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 1,700 மி.மீ. ஆவியாகிவிடும். வரவைப் போல இரண்டு மடங்கு செலவு.

பெய்யும் மழையை, ஆவியாகக்கூடிய நீரால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு அறிவியலாளர்கள் நிலங்களின் வறட்சியை அளக்கிறார்கள். 0.2-க்குக் கீழே இருந்தால் பாலைவன வகை, 0.2-க்கும் 0.5-க்கும் இடையில் அரைவறட்சி. ஆண்டுக் கணக்கில் தர்மபுரி இந்த அரைவறட்சியின் மேல் விளிம்பில் நிற்கிறது. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதத்தை மட்டும் தனியே எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த மாதங்களில் மழை சில பத்து மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆவியாகக்கூடியதோ 400 மி.மீ.க்கும் மேல். வகுத்தால் 0.1-ஐத் தொடுவதே அபூர்வம். அதாவது ஒட்டகமும் மணல்மேடும் இல்லாமலே, ஆண்டுக்கு மூன்று மாதம் இங்கே ஒரு பாலைவனம் வந்து போகிறது.

நம் முன்னோர் இதை வேறு வழியில் கண்டிருந்தார்கள். தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நான்குக்கும் நிலம் ஒதுக்குகிறது. பாலைக்கு நிலம் இல்லை. அதற்குக் கிடைப்பது பொழுது மட்டும்: வேனில், நண்பகல், கூடவே பின்பனி. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வாடும்போது பாலையாக உருமாறும் என்று சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் விளக்குகிறது. சகாராவையோ அரேபியாவையோ பார்த்தவர் பாலைவனத்தை ஓர் இடமாக நினைப்பார். தமிழ் இலக்கணம் அதை ஒரு காலமாக நினைத்தது. பின்பனி என்பது மாசியும் பங்குனியும். நாங்கள் இறங்கிக்கொண்டிருந்ததும் பங்குனியில்தான்.

துளையில்லாத கல்

இந்தப் பக்கத்தில் ஓடை என்று சொல்வதைவிடப் பள்ளம் என்று சொல்வதே அதிகம். சரியான சொல். ஓடை என்றால் ஓட வேண்டும். பள்ளத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் பள்ளத்தில் வழவழப்பான உருண்டைக் கற்களும், அவற்றுக்கிடையே சலித்துப்போட்டது போன்ற மணலும்தான் இருந்தன. ஓரிடத்தில், என் தலைக்கு இரண்டு அடி மேலே, ஆச்சா மரத்தின் கவட்டையில் வேரும் சருகும் கந்தலும் பின்னிய ஒரு பெரிய கொத்து சிக்கியிருந்தது. என்ன பறவைக் கூடு என்று கேட்டேன். இளைய வாட்சர் சிரித்தார். "பறவை எங்க சார் கட்டுச்சு? ஐப்பசியில வந்த தண்ணி மாட்டிட்டுப் போனது."

ஐந்து மாதத்துக்கு முன்பு என் தலைக்கு மேலே வெள்ளம் போன இடத்தில், இன்று நாக்கை நனைக்கச் சொட்டு இல்லை. அத்தனையும் எங்கே போனது?

இதற்குப் பதில் சொல்ல வேண்டியது காலுக்கடியில் இருக்கும் கல். தர்மபுரியின் அடித்தளப் பாறைகளான சார்னோகைட்டும் நைசும் உருவாகி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. சார்னோகைட்டுக்குப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் பதித்திருந்த கல்லைக் கண்டு, நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் இட்ட பெயர் அது. அந்தக் கல் போனதோ சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்திலிருந்து. ஒகேனக்கல் அருகே இதைவிட விசித்திரமான ஒன்றும் உண்டு: கார்பனடைட். பார்வைக்குச் சுண்ணாம்புக்கல் போல இருக்கும். ஆனால் கடலடியில் படிந்ததல்ல, பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக எழுந்து உறைந்தது. வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டு. உலகின் மிகப் பழைய கார்பனடைட்டுகளில் ஒன்று.

தாகத்தோடு நடப்பவருக்கு இந்த வயதால் என்ன பயன் என்று கேட்கலாம். பயனில்லை, பாதகம்தான். மணற்கல் போன்ற படிவுப் பாறை, பஞ்சு போல நுண்துளைகள் கொண்டது. நல்ல மணற்கல்லில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடமாகவே இருக்கும். பெய்த மழையை அது உறிஞ்சி வைத்துப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஊற்றாகக் கசியவிடும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில், பீடபூமியில் பெய்யும் மழையும் உருகும் பனியும் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, பள்ளத்தாக்கின் பாதி உயரத்தில் பேரிரைச்சலோடு ஊற்றெடுக்கிறது. அங்கு வருகிற லட்சக்கணக்கான பயணிகள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். நம் சார்னோகைட்டுக்கோ துளையே கிடையாது. கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்து இறுகிய படிகக் கல் அது. தண்ணீர் நிற்க அதில் இரண்டே இடம்: மேலே சிதைந்து மண்ணாகிவரும் மெல்லிய அடுக்கு, அடியில் வெடிப்புகள். செங்குத்தான மலைச்சரிவில் சிதைந்த மண்ணும் தங்குவதில்லை. எனவே மழை பெய்த கொஞ்ச நேரத்தில் அத்தனையும் பள்ளத்தில் பாய்ந்து, காவிரியில் விழுந்து, மேட்டூர் அணைக்குப் போய்விடும். வந்ததும் தெரியும், போனதும் தெரியும், தங்கியது தெரியாது.

மனிதர் ஓடிவிடலாம், மரம் என்ன செய்யும்? பள்ளத்தின் ஓரத்துப் பச்சைக் கிளுவை ஒன்றின் அருகே நின்றோம். ஓர் இலை இல்லை, செத்த மரம் போல இருந்தது. மூத்தவர் அதன் தண்டிலிருந்து காகிதம் போல உரிந்து தொங்கிய தோலை மெதுவாக இழுத்தார். அடியில் பளபளவென்று பச்சை. இலையை உதிர்த்துவிட்டால் நீர் வெளியேறும் பெரிய வாசல்கள் அடைபடும். உணவு தயாரிக்கும் வேலையைத் தண்டின் பச்சையம் குறைந்த செலவில் பார்த்துக்கொள்ளும். சற்றுத் தள்ளி நின்ற சதுரக்கள்ளி இன்னும் கெட்டி: பகலில் இலைத்துளைகளைப் போன்ற தன் தண்டுத் துளைகளை மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்ளும். ஆச்சாவின் வழி வேறு. முளைத்த நாளிலிருந்து மேலே வளர்வதைவிடக் கீழே வேர் விடுவதில்தான் அதற்கு அக்கறை; பாறை வெடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஆணிவேரை நுழைத்துவிடும். மூன்று மரம், மூன்று உத்தி. நோக்கம் ஒன்று: பாலை போகும்வரை காத்திருப்பது.

தலைகீழ் மலை

மலையேற்றத்தில் கஷ்டம் முதலில் வரும். புதுக் கால், நிறைந்த பாட்டில், காலைக் குளிர் எல்லாம் ஏற்றத்துக்குக் கிடைக்கும். களைத்த பிறகு இறக்கம். பள்ளத்தாக்கு இதைத் தலைகீழாக்கிவிடுகிறது. இறங்கும்போது எல்லாம் சுலபம். திரும்ப வேண்டிய நேரத்தில்தான் ஏற்றம் தொடங்கும்; அப்போது உச்சிவெயில், காலியாகிவரும் பாட்டில், நடுங்கும் முழங்கால். கிராண்ட் கேன்யனில் ஆண்டுதோறும் பல காரணங்களால் சுமார் பத்துப் பன்னிரண்டு பேர் இறக்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்களை மீட்டு வருகிறார்கள். வெயிலில் சுருண்டவர்களிடையே, காலையில் உற்சாகமாக இறங்கிய இளைஞர்களும் இருக்கிறார்கள்.

அங்கே ஆழம் 1,500 மீட்டர். நம் பென்னாகரம் மேட்டிலிருந்து காவிரிப் படுகை 250 மீட்டர் அளவுதான் தாழ்வு. ஆனால் குணம் ஒன்றே. கீழே போகப் போகக் காற்றழுத்தம் கூடி வெப்பம் இரண்டு டிகிரி ஏறுகிறது. இருபுறமும் நிற்கும் கரும்பாறைகள் காலையிலிருந்து வாங்கிய வெயிலை மதியத்துக்கு மேல் திருப்பிக் கொடுக்கின்றன. மலை மறைப்பதால் காற்றும் வருவதில்லை. பதினொரு மணிக்குப் பாறையில் கைவைத்து ஏற முயன்றேன். தோசைக்கல்லைத் தொட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டேன்.

அந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டு போனபோது சத்தம் கேட்டது. முதலில் காற்று என்று நினைத்தேன். பத்தடி நடந்ததும் பள்ளம் சட்டென்று முடிந்தது. அடியில், பல பனை உயரத்துக்குக் கீழே, பாறை இடுக்கில் காவிரி. பங்குனியின் மெலிந்த காவிரிதான்; ஆனாலும் பச்சைநிற நீர் மடுவில் சுழன்று, வெள்ளையாக நுரைத்து, இரைந்துகொண்டு போனது. மழைக்காலத்தில் எங்கள் பள்ளம் இந்த விளிம்பிலிருந்து அருவியாகக் குதிக்கும். மனிதர் குதிக்க முடியாது. கயிறு கட்டி இறங்கினாலும், மடுவில் முதலைகள் இருக்கின்றன.

"சொன்னேன்ல?" என்றார் மூத்தவர்.

நடக்கும் பானை

விளிம்பில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தோம். மூன்றாவது பாட்டிலைத் திறந்தேன். காலையிலிருந்து இரண்டு லிட்டர் போயிருந்தது. ஆனால் சட்டை நனையவில்லை. வியர்க்கவே இல்லையோ என்று தோன்றியது. தோள்பட்டையைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். வியர்வை வந்த கணமே காய்ந்திருக்கிறது.

இந்த உப்புக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. நம் தசைகள் எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் உடம்பை மேலே தூக்குகிறது. மீதி நான்கு பங்கும் வெப்பமாகிறது. அதை வெளியேற்றாவிட்டால் உடல் கொதிக்கும். வெளியே காற்று தோலைவிடச் சூடாக இருந்தால் ஒரே வழிதான் மிச்சம்: வீட்டுத் திண்ணையில் இருக்கும் மண்பானையின் வழி. பானையின் துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும்.

70 கிலோ ஆள் 250 மீட்டர் ஏறினால், அந்த ஏற்றத்துக்கு மட்டும் அவர் உடலில் சுமார் 165 கிலோகலோரி வெப்பம் சேரும். அதை ஆற்றக் கால் லிட்டருக்குச் சற்று அதிகமான வியர்வை தேவை. வெயிலும் பாறையும் தரும் வெப்பத்துக்குத் தனிச் செலவு; வெயிலில் ஏறி நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை போவது சாதாரணம்.

இங்கே பலருக்கும் வரும் ஒரு சந்தேகம்: அதிகத் தண்ணீரைச் சுமந்தால், அந்தச் சுமையே கூடுதலாக வியர்க்க வைத்து, சுமந்ததைக் குடித்துத் தீர்த்துவிடாதா? கணக்குப் போட்டால் பயம் போய்விடும். 5 கிலோ நீரை 250 மீட்டர் தூக்கி ஏறுவதால் கூடும் வியர்வை சுமார் 20 மி.லி. வழியில் உள்ள சமதள நடையையும் சேர்த்தால் அரை டம்ளரைத் தாண்டாது. ஐந்து லிட்டரைச் சுமப்பதற்குக் கூலி ஓரிரு மிடறு. தோள் வலிக்கும், அவ்வளவுதான்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து மிச்சம் பிடித்தால் உடம்பும் சிக்கனமாகப் பழகிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலையில் படைகளை இறக்கிய அமெரிக்க ராணுவத்துக்கும் இந்தக் கேள்வி இருந்தது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃப் தன் குழுவோடு கலிஃபோர்னியப் பாலைவனத்தில் வீரர்களை நடக்கவைத்து, எடை போட்டு, மறுபடி நடக்கவைத்து அளந்தார். 1947-ல் நூலாக வந்த அந்த ஆய்வின் முடிவு தெளிவானது. தண்ணீரைக் குறைத்தாலும் வியர்வை குறிப்பிடும்படி குறைவதில்லை. பானைக்குள் நீர் குறைகிறது என்பதற்காகப் பானை கசிவதை நிறுத்துமா? சேமிக்க வேண்டியது வியர்வையை: நிழலில் ஒதுங்கியும், காலையிலும் மாலையிலும் நடந்தும்தான் அதைச் சேமிக்க முடியும். சட்டையைக் கழற்றினால் குளுமை என்பதையும் அவர் அளவுகள் பொய்யாக்கின. வெற்றுடம்பு வெயிலை நேராக வாங்கி இன்னும் அதிகம் வியர்த்தது. என்னோடு வந்த இருவரும் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக இருந்ததற்கு அடால்ஃப் காரணமில்லை. அது இந்தக் காட்டில் கற்ற பாடம்.

உடல் எடையில் 2 சதவீத நீர் குறைந்தாலே நடை தளரும், சிடுசிடுப்பு வரும். 10 சதவீதத்தை நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. அதற்கும் அப்பால் போய்த் திரும்பியவர் அபூர்வம். 1905 ஆகஸ்டில் அரிசோனாவின் பாலையில் தங்கம் தேடிப் போன பாப்லோ வலென்சியா, ஒரு நாளுக்கான தண்ணீரோடு ஏறத்தாழ ஏழு நாள் அலைந்து, கடைசியில் தவழ்ந்து வந்து சேர்ந்தார். அவரைக் கண்டெடுத்த டபிள்யூ. ஜே. மெகீ, அந்த உடலின் நிலையை விரிவாகப் பதிவு செய்தார்: உதடுகள் சுருங்கி மறைந்திருந்தன, நாக்கு கறுத்துக் காய்ந்திருந்தது, கீறல்களில் ரத்தம் வரவில்லை. கால்வாசி எடையை இழந்திருந்த அவர் பிழைத்துக்கொண்டார்.

மூத்தவர் சட்டைப்பையிலிருந்து காய்ந்த நெல்லிவற்றலை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். வாயில் போட்டதும் எச்சில் ஊறியது. நாக்கின் வறட்சி போய், அடுத்த மிடறு தண்ணீர் இனித்தது. நெல்லி புதிதாகத் தண்ணீர் எதையும் தருவதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். இருக்கிற நீரையே வாய்க்குக் கொண்டு வருகிறது. நாக்கு தேறுகிறது, கணக்கு அப்படியே இருக்கிறது.

கூழ் அப்படியல்ல. உப்பிட்ட ராகிக் கூழில் நீர், மாவு, உப்பு மூன்றும் இருக்கின்றன. மாவு செரித்து வரும் குளுக்கோசும் உப்பின் சோடியமும் கைகோத்துத்தான் குடலின் சுவரில் ஒரே வாசல் வழியே நுழைகின்றன. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. 1971-ல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த பன்கான் முகாமில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் காலராவில் வற்றியவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தது இதே வாசலை நம்பித்தான். வியர்வையில் உப்பு போக, வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். வெயிலுக்குப் போகிறவரை உப்பிட்ட கூழும் மோரும் குடித்துவிட்டுப் போகச் சொன்ன பாட்டிமார்களுக்கு சோடியம் என்ற பெயர் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மணலுக்குள் ஆறு

மூன்று மணிக்கு மேல்தான் ஏற வேண்டும் என்றார் மூத்தவர். வந்த வழியே வராமல், கிளைப்பள்ளம் ஒன்றின் வழியாகத் திரும்பினோம். அங்கே மணற்பரப்பு அகலமாக இருந்தது. ஓரத்தில் பச்சை மாறாமல் வரிசையாக நீர்மருதும் புங்கனும். நீர்மருது பொய் சொல்லாது. கால் நனையாமல் அது உயரமாக வளர்வதில்லை.

மணல் நடுவே ஒரு குழி, முழங்கை ஆழம். அடியில் இரண்டு சொம்பு அளவு தெளிந்த நீர். சுற்றிலும் முறத்தை வைத்து அழுத்தியது போன்ற வட்டத் தடங்கள். "ஆனை போட்ட ஊத்து" என்று கிசுகிசுத்த இளையவர், குழியைப் பார்க்காமல் சுற்றியிருந்த புதரைப் பார்த்தார். முன்காலால் உதைத்து, துதிக்கையால் மணலை அள்ளி, நீர் ஊறும்வரை காத்திருந்து குடிக்கும் யானை. அது போன பிறகு மானும் பன்றியும் பறவையும் தேனீயும் அங்கே வரும். யானையின் குழிதான் கோடைக் காட்டின் தண்ணீர்ப் பந்தல்.

பாறை தங்கவிடாத நீரை மணல் எப்படித் தங்கவைத்தது? ஆற்று மணலின் கனஅளவில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. வெள்ளம் வடியும்போது அந்த இடைவெளிகள் நிரம்பி நிற்கின்றன. மேல்மணல் ஒரு சாண் காய்ந்ததும் அதுவே போர்வையாகிவிடும். பருமணலின் பெரிய இடைவெளிகள் வழியே நீர் அதிகம் மேலேறி வர முடியாது. வெயில் கீழே எட்டாது. இரண்டடிக்குக் கீழே ஆவியாதல் மிக மிகக் குறைவு. திறந்த குட்டையாக இருந்தால் மாசியிலேயே வற்றியிருக்கும் நீர், மணலுக்குள் சித்திரை வரை இருக்கிறது. கென்யாவின் வறண்ட மாவட்டங்களில் பள்ளத்தின் குறுக்கே சிறு சுவர் எழுப்பி மணலைத் தேக்கி, அதற்குள் தண்ணீரைத் தேக்குகிறார்கள். நம் ஆறுகளில் மணலை அள்ளி லாரியில் ஏற்றும்போது கூடவே போவது இந்தப் போர்வையும்தான்.

எனக்கு அந்த ஊற்றைப் பார்த்ததும் ஆசை வந்தது. குனிந்தேன். மூத்தவர் தோளைப் பிடித்தார். "நம்மகிட்ட பாட்டில் இருக்குங்க சார். அதுக்கு இது மட்டும்தான்."

ஏறிப் போகும் தண்ணீர்

மேட்டுக்கு வந்து தார்ச்சாலையைத் தொட்டபோது, சாலையோரம் ஒரு குழாயடி. குடங்கள் வரிசையாக இருந்தன. அதில் வருவது காவிரி நீர்; காலையில் எட்டாமல் நின்று பார்த்தேனே, அதே ஆறு.

இந்த மாவட்டத்துக்குத் தண்ணீர் போதாது என்பது பாதிக் கதைதான். கிடைத்த தண்ணீரும் வஞ்சனை செய்தது. பழம்பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீர், அந்தக் கல்லின் கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. நிறமில்லை, சுவையில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைக் குழந்தைப் பருவத்திலிருந்து குடித்தால் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படியும். இன்னும் அதிகமானால் ஆண்டுக்கணக்கில் எலும்பும் மூட்டும் இறுகும். மழை தங்காததால் ஆழ்துளை போட்டார்கள். ஆழத்தில் இருந்தது பல்லைக் கெடுக்கும் நீர். அதனால்தான் ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. 2013 மே 29 அன்று தொடங்கிவைக்கப்பட்டு, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரியை மேட்டில் ஏற்றியது. 250 மீட்டர் உயரத்துக்கு ஒரு லிட்டரைத் தூக்கத் தேவைப்படும் சக்தி ஒரு கிலோகலோரியைவிடவும் குறைவு. அதே லிட்டர் என் தோலில் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போனது 580. இறைக்க ஆகும் செலவும் இழக்கும் செலவும் அவ்வளவு வித்தியாசம்.

அரிசிக் கடைக்காரர் காத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். 66.8. "ஒன்னரைக் கிலோவுக்கு மேல கொட்டிட்டீங்களே!" என்றார். குடித்தது 4.4 லிட்டர், கூழும் மற்றதும் சேர்த்து அரைக் கிலோ. கூட்டிக் கழித்தால் ஒரே பகலில் ஆறு லிட்டருக்கு மேல் என் உடம்பிலிருந்து காற்றில் கலந்திருக்கிறது, சட்டையில் சில உப்புக் கோடுகளைத் தவிர வேறு சுவடு இல்லாமல்.

ஒன்றே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான அந்த நஷ்டம் என் எடையில் 2.3 சதவீதம். தலை லேசாக வலித்தது. பையைக் கீழே வைத்தபோது உள்ளே ஏதோ குலுங்கியது. திறந்து பார்த்தேன். ஐந்தாவது பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது. கூடவே தண்ணீர் இருந்தும் உடலுக்குத் தேவையான அளவு மனிதர் குடிப்பதில்லை என்று அடால்ஃப் தன் வீரர்களிடம் கண்டது இதைத்தான். தாகம் தாமதமாகத்தான் வரும்; இரண்டு மடக்கு குடித்ததும் தீர்ந்ததாகப் பொய் சொல்லிவிட்டுப் போகும்.

850 மி.மீ. மழை பெய்தும் மலையில் தங்கவில்லை. ஆறு கண்ணெதிரே ஓடியும் எட்டவில்லை. ஊற்று காலடியில் இருந்தும் யானைக்குத்தான் தெரிந்தது. முதுகிலேயே தண்ணீரைச் சுமந்துகொண்டு ஒருவன் காய்ந்துபோய் வந்திருந்தான்.

கடைக்காரரிடம் ஒரு டம்ளர் வாங்கி, மிச்சத் தண்ணீரை ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, தாகமில்லாமலே குடித்தேன்.